உமிச் சாம்பலும் எரிமலைச் சாம்பலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 24, திங்கட்கிழமை. என் மருமகன் ஜெத்தாவிலிருந்து மும்பை வழியாகத் திருச்சி வர வேண்டியவர். கிளம்பும் நேரத்தில் விமானம் ரத்து. செல்போனில் வந்தது ஒரே வரி: ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’. காரணம் எரிமலை என்று மறுநாள் காலை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். “எத்தியோப்பியாவில் மலை வெடிச்சா இவன் ஏன் பிளேனை நிறுத்துறான்?” என்று டீக்கடையில் ஒரே கேலி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாபேட்டைப் பக்கம் அரிசி ஆலையில் 31 வருடம் பாய்லர் பார்த்தவன் நான். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சூடு எல்லை மீறினால் இளகி அடுப்புக் கம்பிகளில் அப்பிக்கொள்ளும். ஆறினால் கறுப்புக் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். எரிமலைச் சாம்பல் என்பதும் பொடிப்பொடியான கண்ணாடியும் பாறைத் தூளும்தான். ஜெட் எஞ்சின் சூட்டில் அது இளகி டர்பைன் இறக்கைகளில் ஒட்டிக்கொண்டால், காற்றுப் போகும் வழி அடைபட்டு எஞ்சினே அணைந்துவிடும். 1982 ஜூனில் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்துக்கு நான்கு எஞ்சினும் நின்றன. ராத்திரி நேரம். விமான ரேடார் மழையைக் காட்டும், இந்தக் காய்ந்த தூளைக் காட்டாது. சாம்பலுக்குக் கீழே இறங்கிய பிறகு எஞ்சின்கள் மறுபடி பிடித்ததால் ஜகார்த்தாவில் தரையைத் தொட்டார்கள்.

சாம்பல் எந்தப் பக்கம் போகும் என்பதும் ஆலைக்காரனுக்குப் பாடம்தான். ஆடியில் மேல்காற்று அடித்தால் கிழக்குத் தெருவில் காயும் வேட்டியெல்லாம் கறுப்பு. கார்த்திகை வாடையில் தெற்குத் தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். புகைபோக்கியைப் பத்தடி உயர்த்தினோம். புகார் அடுத்த தெருவுக்குப் போனது. (அது தனிக் கதை.) எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி எரிமலை 23-ஆம் தேதி சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்குச் சாம்பலை வீசியது. மேலே அடித்த மேற்குக் காற்றில் ஏமன், ஓமன் தாண்டி மறுநாள் இரவே டெல்லி வானத்துக்கு வந்துவிட்டது. பிரான்சின் துலூஸ் நகரில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. உலகில் மொத்தம் ஒன்பது. செயற்கைக்கோள் படத்தையும் காற்றின் போக்கையும் வைத்து, அடுத்த 6, 12, 18 மணி நேரத்தில் சாம்பல் எங்கே, எந்த உயரத்தில் என்று கணித்துச் சொல்வார்கள். மலை எவ்வளவு கக்கியது என்பது முதலில் சரியாகப் பிடிபடாது. அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருத்திக் கொடுக்கிறார்கள்.

ஆக, ரத்து செய்தது சரி. விமானிக்குப் போகிற விவரத்தில் இரண்டு வரி பயணிக்கும் போனால் என்ன? ‘உங்கள் பாதையில் எரிமலைச் சாம்பல். அடுத்த கணிப்பு இத்தனை மணிக்கு.’ தமிழிலேயே அனுப்பலாம். அன்றிரவு ஏழு மாத வயிற்றுடன் என் மகள், ஜெத்தாவில் கணவருக்கு என்ன சிக்கலோ, நம்மிடம் மறைக்கிறாரோ என்று விடியவிடிய அழுதாள். புதன்கிழமை வளைகாப்பு அவர் இல்லாமலே நடந்தது. வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்தார்.

– ஓய்வுபெற்ற பாய்லர் ஆபரேட்டர்,
அம்மாபேட்டை, தஞ்சாவூர் மாவட்டம்