புதிய பருவ கவுன்களின் பொருத்தக் குறைபாடும் அதற்கு உங்கள் நிறுவனம் அளித்த பதிலும் – புகார்

அனுப்புநர்:
உங்கள் இணைய விற்பனைத் தளத்தின் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: புதிய பருவத் தொகுப்பில் வாங்கிய கவுன்களின் வெட்டிலும் தையலிலும் உள்ள குறைகள், அவற்றை ஏற்காமல் உடல்வாகைக் காரணம் காட்டியமை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்துக்கென நீங்கள் வெளியிட்ட தொகுப்பிலிருந்து நான்கு கவுன்களை ஒரே அளவு எண்ணில் வரவழைத்தேன். உங்கள் விதிமுறைப்படி அட்டையைக் கழற்றாமல் போட்டுப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் குறைபாடுள்ளவை என்று குறிப்பிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு கேட்டிருந்தேன். உங்கள் பிரிவிலிருந்து வந்த பதில், அளவு அட்டவணைப்படி எனக்கு அனுப்பப்பட்டது சரியான அளவே என்றும், இத்தகைய வெட்டு எல்லா உடல்வாகுக்கும் எடுப்பாக அமையாது என்றும், ஆகவே இதனைத் தையல் குறைபாடாக ஏற்க இயலாது, வாடிக்கையாளரின் மனமாற்றமாகவே பதிவு செய்ய முடியும் என்றும் கூறியது. என் மனம் மாறவில்லை. மாற்றப்பட வேண்டியது அந்தப் பதிவு என்பதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

ஓர் உடை ஒருவருக்கு எடுப்பாக இருக்கிறதா என்பதில் ரசனைக்கு இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பொருந்துகிறதா என்பது ரசனையைச் சார்ந்ததன்று. அளவு நாடாவும் நல்ல வெளிச்சமும் இருந்தால் யாரும் சரிபார்க்கக்கூடிய ஒன்று. துணியில் விழும் சுருக்கங்களே இதில் முதல் சாட்சி. குறுக்குவாட்டில் இழுபட்ட கோடுகள் விழுந்தால் அந்த இடத்தில் துணி போதவில்லை என்று பொருள். நெடுக்குவாட்டில் தொய்வு விழுந்தால் துணி மிகுதி. சாய்வான கோடு விழுந்தால் அது எந்த இடத்தை நோக்கி ஓடுகிறதோ அங்கேதான் பிழை இருக்கிறது. தையல் பழகிய எவருக்கும் தெரிந்த இந்தப் பாடத்தை உங்கள் தரச் சோதனைப் பிரிவுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

முதலாவது, முன்பக்கம் முழுவதும் பட்டன் வைத்த சட்டைக் காலர் பருத்தி கவுன். உங்கள் அட்டவணை இந்த அளவு எண்ணை 96 செ.மீ. மார்புச் சுற்றளவு உடையவர்களுக்கு உரியது என்கிறது. என் அளவும் அதுவே. ஆனால் கவுனைத் தரையில் விரித்துப் பட்டன்களைப் பூட்டி அளந்தால், ஆடையின் மார்புச் சுற்றளவு 97 செ.மீ.தான் வருகிறது. நீட்சியில்லாத நெய்த துணியில் தைக்கும் மேலுடைக்கு மூச்சு விடவும் கையை அசைக்கவும் மார்பில் 5 முதல் 10 செ.மீ. வரை தளர்வு விடுவது வழக்கம். ஒரு சென்டிமீட்டர் தளர்வில் விளைவு என்னவாகுமோ அதுவே ஆயிற்று: இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் இடையில் துணி வாய் பிளந்து நிற்கிறது. மார்பின் மிக உயர்ந்த மட்டத்தில் ஒரு பட்டன் வருமாறு அமைத்திருந்தாலாவது இந்தப் பிளவு ஓரளவு அடங்கியிருக்கும்; நீங்களோ காலரிலிருந்து சம இடைவெளியில் எண்ணிக்கொண்டே போயிருக்கிறீர்கள், அந்த மட்டத்தில் பட்டன் வரவேயில்லை.

அதே கவுனின் பக்கவாட்டில் உள்ள டார்ட், அதாவது உடலின் வளைவுக்கேற்பத் துணியைப் பிடித்துத் தைக்கும் கூரிய தையல், இன்னும் மோசம். டார்ட்டின் முனை மார்பின் உச்சியை நோக்கிச் சென்று, அதற்கு 2 அல்லது 3 செ.மீ. முன்னதாகவே முடிய வேண்டும். இதில் அது உச்சியைக் கடந்து மேலே ஏறி நிற்பதால், வேண்டாத இடத்தில் துணி சிறு கொப்புளமாக உப்பியிருக்கிறது. எவ்வளவு அழுத்தி இஸ்திரி போட்டாலும் அது போகாது, ஏனெனில் அது மடிப்பினால் வந்ததன்று, வெட்டினால் வந்தது.

உடல் பகுதியோடு கை இணையும் இடமான கைக்குழியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனெனில் நான் புகார் செய்யும் மூன்று கவுன்களிலும் இந்தக் குறை இருக்கிறது. கைக்குழி தாழ்வாக இருந்தால் வசதியாக இருக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. கைக்குழி அக்குளை ஒட்டி அமைந்தால், கையை உயர்த்தும்போது கை மட்டும் உயர்கிறது. அக்குளுக்கு வெகு கீழே அமைந்தால், கையோடு சேர்ந்து கவுனின் உடல் பகுதியே மேலே இழுபடுகிறது. அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டினால் இடுப்புத் தையல் விலாவுக்கு ஏறி, அடி மடிப்பு முழங்காலுக்கு மேலே போய்விடுகிறது. அசையாமல் நிற்கும் பெண்ணுக்கு மட்டுமே இந்த ஆடை சரியாக இருக்கும். பல அளவுகளுக்கும் ஒரே கைக்குழியை வைத்துச் சமாளிக்க அதைத் தாழ்த்தி வெட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். காரணம் எதுவாயினும், அதன் சுமை அணிபவர் மீது விழுகிறது.

இரண்டாவது, விஸ்கோஸ் துணியில் கிராஸாக வெட்டித் தைத்த நீள கவுன். துணியின் நெடுக்கு நூலான பாவு நூலுக்கு 45 டிகிரி சாய்வாக வைத்து வெட்டும் இந்த முறையை 1920-களில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே புகழ்பெறச் செய்தார். நன்றாக வெட்டினால் டார்ட் அதிகம் இல்லாமலேயே உடலைத் தழுவி விழும் என்பதுதான் அதன் அழகு. அந்த அழகுக்காகத்தான் நானும் இதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் சாய்வாக வெட்டிய துணி தன் எடையாலேயே கீழ்நோக்கி நீளும் இயல்புடையது. ஆகவே தைத்ததை ஒரு நாளாவது தொங்கவிட்டு, நீள வேண்டியது நீண்ட பிறகே அடியைச் சமன் செய்து மடிப்பு அடிக்க வேண்டும். எனக்கு வந்த கவுனில் இடப்புற அடி வலப்புறத்தைவிட 4 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. பக்கத் தையலும் நேராக இறங்காமல் முழங்காலுக்கு வரும்போது முன்பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. விஸ்கோஸ் வழுக்கும் துணி; பல அடுக்குகளாக விரித்து ஒரே வீச்சில் வெட்டும்போது கீழ் அடுக்குகள் நகர்ந்துவிட்டால் நூலோட்டம் தவறி இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். என் இரு பக்க உடலும் 4 செ.மீ. வேறுபடுவதாக உங்கள் பதில் கருதுகிறதா என்பதை அறிய விரும்புகிறேன்.

மூன்றாவது, லைனிங் வைத்த பின்னலாடை கவுன். மேல் துணியில் 5 சதவீதம் எலாஸ்டேன் என்னும் நீளும் இழை இருப்பதாகவும், உடலோடு சேர்ந்து நீண்டு கொடுக்கும் என்றும் விளம்பரத்தில் சொல்லியிருக்கிறீர்கள். மேல் துணி நீள்கிறது, உண்மைதான். உள்ளே வைத்திருக்கும் லைனிங் கொஞ்சமும் நீளாத நெய்த பாலியஸ்டர். அதுவும் மேல் துணியைவிடக் குறுகலாக வெட்டப்பட்டிருக்கிறது. அமர்ந்தால் லைனிங் சீட் பகுதியில் இறுகிப் பக்கத் தையல் விரிகிறது. நடந்தால் ஓர் அடிக்கு மேல் கால் வைக்க முடியவில்லை, லைனிங்கின் பின்புறத்தில் திறப்பும் விடவில்லை. மேலும், கையில் வைத்த லேசும் உடல் பகுதியும் விளக்கு வெளிச்சத்தில் ஒரே கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தாலும், பகல் வெளிச்சத்தில் லேஸ் பழுப்பேறித் தெரிகிறது. இரண்டு துணிகளுக்கும் வெவ்வேறு சாயம் ஏற்றி, ஒரே விளக்கின் கீழ் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் இப்படி நேரும். இதைப் பகல் வெளிச்சத்துக்கு நிகரான விளக்கிலும் பார்த்திருக்க வேண்டும். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான் வைத்துக்கொண்ட நான்காவது கவுனைப் பற்றியும் சொல்வது நியாயம். அதே அளவு எண், அதே உடல். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் அமர்கிறது. மார்பில் ஆடையின் அளவு 103 செ.மீ.; இடுப்புத் தையல் இடுப்பிலேயே இருக்கிறது; அமர்ந்தாலும் எழுந்தாலும் இழுத்துவிட வேண்டிய தேவையே இல்லை. கண்ணாடி முன் அதில் நான் நன்றாகவே இருக்கிறேன். அதை வெட்டியவர் தொழில் தெரிந்தவர். அவருக்கு என் பாராட்டைத் தெரிவித்துவிடுங்கள். ஒரே அளவு எண்ணைத் தாங்கிய கவுன்களில் மார்புச் சுற்றளவு 6 செ.மீ. வரை வேறுபடுகிறது என்றால், இடையில் மாறியது என் உடல்வாகு அன்று.

அளவு அட்டவணையைப் பற்றி அடுத்து. அமெரிக்க வேளாண்மைத் துறை சுமார் 15,000 பெண்களின் உடலளவுகளை எடுத்து 1941-ல் அறிக்கையாக வெளியிட்டது. அந்த வழியில் 1958-ல் அங்கு பெண்களின் ஆடைகளுக்கு ஓர் அளவுத் தரம் அறிவிக்கப்பட்டது. அதுவும் 1983-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே அளவு எண் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதில் வியப்பில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் ஒரே நிறுவனத்தில், ஒரே பருவத் தொகுப்பில், அது ஒரே பொருளைத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

அத்துடன் உங்கள் அட்டவணையில் மார்பு, இடுப்பு, சீட் ஆகிய மூன்று சுற்றளவுகள் மட்டுமே உள்ளன. 96 செ.மீ. மார்புச் சுற்றளவு உடைய இரு பெண்களில் ஒருவருக்கு முதுகு அகலமாகவும், மற்றவருக்கு முதுகு குறுகி மார்பு நிறைவாகவும் இருக்கலாம். நாடா இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும், கவுனோ இருவர் மீதும் ஒரே மாதிரி அமராது. பின் கழுத்திலிருந்து இடுப்பு வரையிலான நீளம், தோள் அகலம், கவுனின் முழு நீளம் ஆகிய எதுவும் அட்டவணையில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தருவது உடலின் அளவு மட்டுமே, ஆடையின் அளவு எங்கும் இல்லை. அது இருந்திருந்தால் 97 செ.மீ. கவுனை நான் வரவழைத்தே இருக்க மாட்டேன். உங்களுக்கும் திருப்பி அனுப்பும் கூரியர் செலவு மிஞ்சியிருக்கும்.

படங்களும் உதவவில்லை. படப்பிடிப்பில் ஆடையின் பின்புறத்தில் கிளிப் போட்டு இறுக்கிப் பிடிப்பது வழக்கம் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் கோடு போட்ட பருத்தி கவுனின் பக்கவாட்டுப் படத்தில் கோடுகள் முதுகை நோக்கி வளைந்து ஓடுவதைப் பார்க்கும்போது, அந்தக் கவுன் மாடலுக்கே பொருந்தவில்லை என்பது தெரிகிறது. அவருக்குத் தளர்வாக இருந்ததைக் கிளிப் சரி செய்தது. எனக்கு இறுக்கமாக இருப்பதைச் சரி செய்ய என்ன அனுப்பப் போகிறீர்கள்? பக்கத் தையலைப் பிரித்து ஆல்டர் செய்துகொள்ளலாம் என்றால், உள்ளே விட்டிருக்கும் துணி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதையும் ஓவர்லாக் அடித்து விளிம்போடு நறுக்கிவிட்டிருக்கிறீர்கள். பிரித்துவிட வழியில்லாத உடையைப் பிரித்துவிட்டுக்கொள்ளச் சொல்ல முடியாது.

உங்கள் பதிலில் என்னை மிகவும் வருத்தியது பணம் தொடர்பான மறுப்பு அன்று. உடல்வாகு என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் அதற்குமேல் அவர் பேச மாட்டார் என்ற கணிப்பு அந்தப் பதிலில் இருக்கிறது. உடை மாற்றிப் பார்க்கும்போது ஏதேனும் சரியில்லை என்றால் முதலில் தன் உடலையே குறை சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் குறைதீர்ப்புப் பிரிவே பயன்படுத்திக்கொள்வது முறையன்று. டார்ட்டின் முனை எங்கே முடிகிறது, அடி மடிப்பு சமனாக இருக்கிறதா, லைனிங் எவ்வளவு குறுகல் என்ற கேள்விகளுக்கு என் உடலில் பதில் இல்லை. பதில் உங்கள் வெட்டு மேசையில் இருக்கிறது.

ஆகவே, மூன்று கவுன்களுக்குமான கோரிக்கையையும் மனமாற்றம் என்ற வகையிலிருந்து நீக்கி, தயாரிப்புக் குறைபாடு என்று மறுபதிவு செய்து, செலுத்திய முழுத் தொகையையும் நான் செலுத்திய வழியிலேயே திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கொள்முதலுக்கான வரவாகத் தருவதை நான் ஏற்கவில்லை. கவுன்களைப் பெற்றுக்கொள்ளும்போது, அவற்றைக் கிடங்கில் மீண்டும் மடித்து அடுத்தவருக்கு அனுப்பிவிடாமல், வெட்டும் பிரிவில் ஒருவர் மேசையில் விரித்து அளந்து பார்க்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை. ஒவ்வொரு கவுனின் விற்பனைப் பக்கத்திலும் ஆடையின் முடிந்த அளவுகளையும் லைனிங் நீளுமா என்பதையும் சேர்ப்பதாக இருந்தால், அதை எழுத்தில் தெரிவியுங்கள்.

அளவு நாடாவை வைத்து எடுத்த படங்களை இத்துடன் இணைத்துள்ளேன். பருத்தி கவுனின் பட்டன் இடைவெளி முதல் படத்திலும், கிராஸ் கவுனின் அடி மடிப்பு இரண்டாவது படத்திலும், லைனிங்கையும் மேல் துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அளந்தது மூன்றாவது படத்திலும் உள்ளன. மூன்று கவுன்களும் அட்டை கழற்றப்படாமல், வந்த உறையிலேயே இருக்கின்றன. எடுத்துச் செல்ல ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
வாடிக்கையாளர்