எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் எங்கள் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: ஊர்ப் பெற்றோர்கள், பேச்சிப்பாறை மேல்பக்க மலையோரக் குடியிருப்பு, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நாகர்கோவில்.

பொருள்: அரசு நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்த வேண்டுதல் (மீண்டும்).

ஐயா, வணக்கம்.

முந்தைய மூன்று மனுக்களுக்கும் ரசீது பத்திரமாக இருக்கிறது. மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று போனில் மெசேஜும் வந்தது. உரிய துறையிலிருந்துதான் யாரும் வரவில்லை. தாங்கள் இந்தப் பக்கம் வந்து பார்த்தவர்கள். அணையைத் தாண்டினால் ரோடு எப்படி, செல்போன் டவர் எப்படி என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. எங்கள் பள்ளியில் எட்டு வரைதான். கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் பேசுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகள் 11 கிலோமீட்டர் கீழே இறங்க வேண்டும்.

2. காலையில் பஸ் உண்டு, குறை சொல்ல மாட்டோம். சாயங்காலம்தான் பிரச்சினை. பள்ளி நாலேகாலுக்கு விடுகிறது, மேலே வரும் பஸ் ஆறரைக்கு. பிள்ளைகளிடம் இலவச பாஸ் இருக்கிறது, பஸ்தான் இல்லை. இறங்கிய இடத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் நடை. மரங்களுக்கு அடியில் ஏழு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. இங்கே தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், அந்த மாதங்களில் பெண்பிள்ளைகள் பேப்பரில் உப்பைப் பொதிந்து பையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள், அட்டை ஏறினால் போட. யானை இறங்கியதாகச் சேதி வந்தால் அன்று யாரும் பள்ளிக்குப் போவதில்லை. இதை எழுதும் என் வீட்டில் நெற்றியில் கட்டும் லைட் ஒன்றுதான். விடியுமுன் அதைக் கட்டிக்கொண்டு நான் ரப்பர் பால் வெட்டப் போவேன், பிறகு மகள் அதைப் பையில் எடுத்துப் போவாள், ராத்திரி சார்ஜ் போட வேண்டும், கரண்ட் போய்விட்டால் மறுநாள் என் வேலையும் போச்சு. இப்படி ஒரு வருஷம் ஓட்டினோம். போன ஜூனில் அவள் பத்தாம் வகுப்புக்குப் போகவில்லை, இப்போது என்னோடு ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) பொறுக்குகிறாள். இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறாள்.

3. "மாணவர் எண்ணிக்கை குறைவு, அதனால் தரம் உயர்த்த வழியில்லை" என்று ஒரு அலுவலகத்தில் வாயால் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. ஐயா, எண்ணிக்கை ஏன் குறைகிறது? எட்டோடு எப்படியும் மாற்றத்தானே போகிறோம் என்று, கையில் நாலு காசு உள்ளவர்கள் ஒன்றாம் வகுப்பிலேயே பிள்ளையைக் கீழேயிருந்து வரும் தனியார் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு இல்லாததால்தான் ஒன்றாம் வகுப்பு காலியாகிறது. இதைக் காரணம் காட்டி ஒன்பதை மறுப்பது என்ன கணக்கு? தண்ணீர் விடாமல் செடி வாடிவிட்டது, இனி எதற்குத் தண்ணீர் என்பது போல.

4. நிதி இல்லை என்பார்கள். 2025-26 மாநில பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி ரூபாய் என்று பேப்பரில் படித்தோம். ஒன்றிய அரசு 2024-25-க்கான சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டப் பங்கு 2,152 கோடியைத் தரவில்லை, பிஎம் ஸ்ரீ என்ற அவர்களுடைய மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததுதான் காரணம் என்றும், அதற்காக நம் அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது என்றும் தெரியும். யார் பக்கம் நியாயம் என்று எங்கள் சாயாக்கடையில் தினமும் சண்டை நடக்கிறது. சரி, அந்த வழக்கு அவர்கள் பாடு. அது முடியும்வரை எங்கள் பிள்ளைகளின் வயது நிற்குமா? நாங்கள் கேட்பது பாட ஆசிரியர்களும் ஒரு தலைமையாசிரியரும். அறை இரண்டு சும்மா கிடக்கிறது, ஒன்றில் உடைந்த பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள்.

5. இந்த மண் திருவிதாங்கூரில் இருந்தபோது, 1817-ல், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் உத்தரவு போட்டார். இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறீர்கள், கேட்கச் சந்தோஷம்தான், ஆனால் அந்த மேடை எதுவும் அணைக்கு மேலே ஏறி வந்ததில்லை.

6. பஸ்.

கோபத்தில் எழுதியது ஏதும் அதிகப்படி என்றால் மன்னிக்கவும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நாகர்கோவில் வந்து போனால் ஒரு நாள் கூலி போகும், மூன்று முறை போயிற்று.

ஆகவே ஐயா, வரும் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பை மட்டுமாவது எங்கள் பள்ளியில் தொடங்கித் தாருங்கள், பத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம். அதுவரை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு பஸ். திரும்பவும் கேட்கிறோம், ஒன்பதாம் வகுப்பு.

இப்படிக்கு,
பெற்றோர்கள் (கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம்)

பின்குறிப்பு: மெசேஜ் வேண்டாம். அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் அந்த ஆறரை மணி பஸ்ஸில் ஏறி வரட்டும். லைட்டோடு நிறுத்தத்தில் நிற்கிறோம்.