நாலேகால் பஸ்ஸுக்கு முன்னால் விழாவை வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கல்லூரி விழாச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. இலக்கிய மன்றத் தொடக்க விழா, முத்தமிழ் விழா, சிறப்புச் சொற்பொழிவு, பொங்கல் விழா, கல்லூரி நாள் விழா என்று எது வந்தாலும் விடாமல் படிக்கிறேன். என் இளைய மகள் எங்கள் பக்கத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்தக் கல்லூரி வாசலில் நின்று போகிற டவுன் பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பஸ் ஸ்டாப்பிலும் பஸ்ஸுக்குள்ளும் பார்த்ததை வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். கல்லூரியில் நடக்கிற பேச்சு, பாட்டு, நாடகம், போட்டி எல்லாவற்றையும் வகுப்பு நேரத்துக்குள், கூடுமானவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். ஒத்திகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாயங்காலம் வைக்கிற எந்த நிகழ்ச்சியும் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸில் வருகிறவர்கள்தான்.

எங்கள் வழித்தடத்தில் கல்லூரி விட்டதும் மேற்கே போகிற பஸ் நாலேகாலுக்கு. அதை விட்டால் ஆறரைக்குத்தான். ஆறரை பஸ் கடைசி ஊர்களுக்குப் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிடும். விலக்கில் இறங்கி ஊருக்குள் நடக்க வேண்டும், வழியில் விளக்கு கிடையாது. ஒரு நாள் ஆறரை பஸ்ஸில் வந்துவிட்டால், மறுநாள் காலேஜுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பல வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறார். மகள் வந்து இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்தால்தான் அன்றைய கணக்கு முடியும், மறுநாள் பீடிக் கடையில் கொண்டுபோய்ப் போட முடியும். இந்தப் பிள்ளைகளிடம் ‘ஐந்து மணிக்கு நாடக ஒத்திகை, இருந்துவிட்டுப் போ’ என்று சொன்னால் என்ன செய்வார்கள்? பெயர் கொடுக்காமல் இருந்துவிடுவார்கள். ஆர்வம் இல்லாத பிள்ளைகள் என்று துறையில் பேச்சு வந்துவிடும்.

பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கக் கூடாதா என்று நான் வேலையில் இருந்தபோது ஆசிரியர்கள் சிலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அது எங்கள் கையில் இல்லை. அந்த பஸ்ஸின் மறுமுனையில் வேலை விட்டு வீடு திரும்புகிற பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு சிங்கிள், அதாவது ஒரு வழி நடை, பிந்தினால் அன்றைக்கு மிச்சமுள்ள எல்லா சிங்கிளும் பிந்தும். பஸ் நேரம் பல ஊர்களைக் கோத்துப் போட்ட நேரம். விழா நேரம் ஒரு கல்லூரிக்குள் முடிவாகிறது. மாற்ற எளிதானது விழா நேரம்தான்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரியில் தொல்லியல் பற்றி ஒரு சிறப்புச் சொற்பொழிவு. அழைப்பிதழில் இரண்டு மணி என்று போட்டிருந்தது. விருந்தினர் வந்து சேரவே இரண்டரை தாண்டிவிட்டது. அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஒன்றன்பின் ஒன்றாக வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுப்பரிசு. பேச வந்தவர் கையில் மைக் போகும்போது மூன்றே முக்கால். அவர் நன்றாகப் பேசினாராம். சிவகளை தோண்டலில் கிடைத்த முதுமக்கள் தாழியின் படத்தைத் திரையில் காட்டி, அதற்குள் இருந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரிய வந்தது, 2021 செப்டம்பரில் முதலமைச்சர் அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஏறக்குறைய 3,200 வருஷத்து நெல். நம் தாமிரபரணிக் கரைப் பக்கத்து நெல். அரங்கமே அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மணி நாலு ஐந்து ஆகிவிட்டது.

மேற்கே போகிற பிள்ளைகள் எழுந்தார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரையை மறைக்காமல் குனிந்து குனிந்து பின்கதவுக்குப் போயிருக்கிறார்கள். கதவு சத்தம் போடும் என்று ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டே நிற்க, மற்றவர்கள் வெளியேறினார்கள். பேசியவர் நிறுத்திவிட்டு, ‘ஏம்மா, பேச்சு பிடிக்கலையா?’ என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். யாரும் வாய் திறக்கவில்லை. பாவம், அவருக்கும் மனசு சங்கடப்பட்டிருக்கும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகள் என்னிடம், ‘ஒரு நெல்லை வச்சு எப்படிப்பா அத்தனை வருஷம்னு கண்டுபிடிக்கிறாங்க?’ என்று கேட்டாள். பத்தாவது படித்த நடத்துநர் நான் என்ன சொல்வேன்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் அவளுக்கு எதிரிலேயே நின்றார். கேட்க அவளுக்குப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷம் வாழ்த்துரைகளுக்குப் போயிருந்தது. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். வந்தவரை மதிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஒரு வரவேற்புரை, ஒரு நன்றியுரை போதும். மீதி நேரத்தைப் பேச வந்தவருக்கும் கேள்வி கேட்கிற பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

1943-ல் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணத்தை வைத்து அண்ணாவும் தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளையும் எதிரெதிரே வாதாடினார்கள். அடுத்த மாதமே சேலத்தில் அண்ணாவோடு நாவலர் சோமசுந்தர பாரதியார் வாதாடினார். மேடைகளில் கேள்வியும் மறுப்பும் அப்படி நடந்த நாடு இது. இப்போது பேசுகிறவர் பேசிவிட்டுப் போகிறார், பிள்ளைகள் கைதட்டிவிட்டு வருகிறார்கள். அரசு நடத்துகிற ‘மாபெரும் தமிழ்க் கனவு’ நிகழ்ச்சியில் நல்ல கேள்வி கேட்கிற மாணவர்களைக் கேள்வியின் நாயகன், கேள்வியின் நாயகி என்று மேடையில் பாராட்டுகிறார்கள் என்று படித்து மகிழ்ந்தேன். அதை எல்லாக் கல்லூரிகளும் தங்கள் சொந்த விழாக்களில் செய்யலாம், செலவே கிடையாது.

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்து, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கத் தொடங்கியது. அதற்கு அப்புறம் காலை பஸ்ஸில் ஏறிய முகங்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பெண்கள், பீடிக் கடை வாசலில் மட்டுமே நான் பார்த்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவர அரசு பணம் போட்டிருக்கிறது. உள்ளே வந்த பிறகு வகுப்பும் பரீட்சையும் மட்டும் அவர்களுக்கு, மேடையோ கல்லூரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கும் பைக்கில் வருகிறவர்களுக்கும் என்று பிரிந்துபோகக் கூடாது.

பள்ளியில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம் எல்லாம் பள்ளி நேரத்திலேயே நடக்கின்றன. கலைத் திருவிழா வேறு வந்திருக்கிறது. அதில் பரிசு வாங்கிய ஒரு பெண் என் பஸ்ஸில்தான் வருவாள். நாலாக மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உதடு மட்டும் அசையப் பேச்சைப் பாடம் பண்ணுவாள். கூட்டத்தில் டிக்கெட் போட்டுக்கொண்டு நான் பக்கத்தில் போனால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள். கல்லூரிக்குப் போன பிறகு அந்தத் தாளை அவள் கையில் நான் பார்க்கவில்லை. கேட்டதற்கு, ‘பயிற்சியெல்லாம் நாலு மணிக்கு மேலதான் மாமா’ என்றாள். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்கள் பிறந்தநாளையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி வைக்கிறது. முதல் பரிசு 5,000 ரூபாய். பீடி சுற்றுகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. அவளைத் தயார் செய்து அனுப்ப ஒரு மணி நேரம் பகலில் கிடைக்காதா?

யாரைக் கூப்பிடுவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைத் தூரத்திலிருந்து வரவழைக்கிறார்கள், அவர்களால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பங்குனி, சித்திரை, ஆடிக் கோயில் கொடைக் காலத்தில் என் பஸ்ஸில் ஏறுகிற கணியான் கூத்துக் கலைஞர்களைப் பார்த்திருக்கிறேன். மகுடம் என்கிற தோல் வாத்தியத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பார்கள், கீழே வைக்கவே மாட்டார்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம் என்று இரண்டு மகுடம். அடிப்பதற்கு முன்னால் தீயில் காட்டித் தோலை இறுக்குவார்கள். எங்கள் பிள்ளைகள் சுடலைமாடன் கொடையில் அதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கலைஞரிடம் ஒரு கேள்வி கேட்கிற இடம் அவர்களுக்குக் கிடைத்ததில்லை. வில்லுப்பாட்டுக்காரர்களும் அப்படித்தான். ஒரு முற்பகல் அவர்களைக் கல்லூரிக்குக் கூப்பிட்டு, வாசிக்கச் சொல்லி, அப்புறம் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே தனித் துறை இருந்து இதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறது. பள்ளிப் படிப்பைத் தாண்டாத இடைசெவல்காரர், எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டுப்புறவியலுக்கு வருகைதரு பேராசிரியராக வைத்துக்கொண்டது. நம் ஊர்க் கலைஞர்களும் கல்லூரியில் வந்து பேசத் தகுதி உள்ளவர்கள்தான். பஸ்ஸிலேயே வந்துவிடுவார்கள்.

கல்லூரியின் தரத்தை மதிப்பிட வருகிற நாக் குழுவுக்காக நிகழ்ச்சிப் படங்களை இடமும் நேரமும் பதிவாகும்படி எடுத்து வைக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அது கல்லூரிக்குத் தேவை, சரி. ஆனால் படத்தைத் தொடக்கத்தில், அரங்கம் நிறைந்திருக்கும்போது எடுக்கிறார்கள். நிகழ்ச்சி முடியும்போதும் ஒரு படம் எடுத்தால், எத்தனை நாற்காலி காலியானது என்று கல்லூரியே தெரிந்துகொள்ளும். கலை விழாவுக்கு வாடகை உடை எடுக்க ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் செய்வதையும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். பணம் இல்லாமல் ஒதுங்குகிற பிள்ளைகள் காரணத்தை வெளியே சொல்வதில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்று கணக்கு வகுத்திருப்பதால் அதற்கு எப்படியோ நேரம் ஒதுக்குகிறார்கள். அதுபோல வாரத்தில் ஒரு நாள் காலை ஒரு மணி நேரத்தை மன்ற நேரம் என்று கால அட்டவணையிலேயே போட்டுவிட்டால், மாதம் ஒரு சொற்பொழிவு, மற்ற வாரங்களில் ஒத்திகை, போட்டி, கவிதை வாசிப்பு என்று எல்லாவற்றையும் அதில் அடக்கலாம். கல்வியாண்டு தொடங்கும் முன்பே அட்டவணை போட்டுக் கையேடு அச்சடிக்கிறார்கள். முதல்வர்களும் துறைத் தலைவர்களும் அப்போதே இதைச் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரி நாள் விழா போன்ற பெரிய விழாக்களைச் சாயங்காலம் நடத்தியே ஆக வேண்டும் என்றால், தேதி முடிவானதுமே போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். எந்த வழித்தடம், எத்தனை மாணவர்கள், எத்தனை மணிக்கு விழா முடியும் என்று மூன்றையும் எழுதுங்கள். முதல் நாள் போனில் சொன்னால் நடக்காது, டியூட்டி சார்ட் போட்டு முடித்திருப்பார்கள். ஒரு வாரம் முன்னால் கடிதம் போனால், உபரி பஸ் விட வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடிதத்தில் எழுதிய நேரத்துக்கு விழாவை முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர்,
தென்காசி மாவட்டம்.