சிம்னல் கேக்கின் நடு அடுக்கு

அன்புள்ள தோழிக்கு,

ஏட்டி, பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. இங்கே எல்லாரும் சுகம். அத்தை ஊர் போய்ச் சேர்ந்தாச்சு, முழங்கால் வலி மட்டும் அப்படியே. நம்ம ‘ஹெட்மாஸ்டர்’ வழக்கம்போல எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் நைட் டியூட்டி முடிந்ததா? அண்ணன் வீட்டுக் கிணற்று வழக்கு என்ன ஆச்சு?

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பெரியக்கா போனில் சொன்ன சேதி. ஈஸ்டர் ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் வைக்கும் டீக்கு, ஈஸ்டருக்கென்றே இங்கிலாந்தில் செய்கிற பழக்கேக்கான சிம்னல் கேக் செய்து தருவதாக நீ ஒத்துக்கொண்டாயாம். ரொம்பச் சந்தோஷம். ஆனால் கூடவே, “நடுவில் மார்சிபான் வைக்கப் போறதில்ல, மேல மட்டும் போதும்” என்றும் சொன்னாயாம். மார்சிபான் என்றால் பாதாமும் சர்க்கரையும் முட்டையும் சேர்த்துப் பிடித்த மாவுதானே. போன வருஷம் யாரோ கொண்டுவந்த கேக் நடுவில் பச்சை மாவாக இருந்ததால் உனக்குப் பயமாம். ஏட்டி, அது பச்சை மாவா, மார்சிபானா என்று யாராவது தொட்டுப் பார்த்தார்களா?

சிம்னலைச் சாதாரணப் பழக்கேக்கிலிருந்து பிரிப்பதே அந்த நடு அடுக்குதான். மேலே வைப்பது அலங்காரம். நடுவில் வைப்பது கேக்கோடு சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகிறது. அதன் சர்க்கரை இளகி, பாதாம் மணமும் எண்ணெயும் மேலும் கீழும் உள்ள கேக்கில் இறங்கும். ஆறியபின் வெட்டினால் மஞ்சள் கோடாகத் தெரியும். வாயில் போட்டால் அல்வா மாதிரி வழுக்கும். ஒரு வாரம் கழித்தும் கேக் வறளாமல் இருப்பதற்கு அது பெரிய துணை. அதை விட்டுவிட்டால் நீ செய்வது மேலே பதினொரு மார்சிபான் உருண்டை வைத்த பழக்கேக், அவ்வளவுதான்.

இதில் நீ பழைய லங்காஷயரின் பெரி ஊரிலேயே குடியிருக்கிறாய்! பெரிக்கென்றே தனி சிம்னல் உண்டு: தட்டையாக, பன்னுக்கும் கேக்குக்கும் நடுவில். தவக்காலத்தின் பாதி ஞாயிற்றில் அதைத் தின்னவே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே கூடுவார்களாம். டிவைசஸ் ஊரில் நட்சத்திர வடிவில் செய்தார்கள். எங்கள் ஷ்ரூஸ்பரி சிம்னல்தான் எல்லாவற்றிலும் முரட்டுத்தனம்: குங்குமப்பூ போட்ட கெட்டி மாவு ஓட்டுக்குள் பழத்தை அடைத்து, துணியில் கட்டி மணிக்கணக்காக வேகவைத்து, பிறகு முட்டை தடவி ஓவனில் வைப்பார்கள். அப்படி வந்த கேக்கைக் கால் வைக்கும் மணை என்று ஒரு அம்மாள் எடுத்து வைத்துக்கொண்டதாக 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகத்தில் இருக்கிறது. இன்று இங்கிலாந்து முழுக்க சிம்னல் என்றால் இரண்டு அடுக்கு மார்சிபான், பதினொரு உருண்டை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்காரியோத்தை நீக்கிய பதினொரு அப்போஸ்தலருக்காக அந்த உருண்டைகள். சில வீடுகளில் இயேசுவுக்கு ஒன்று சேர்த்துப் பன்னிரண்டு வைப்பார்கள். முன்பு இது மதரிங் சண்டேக்கு, அதாவது தவக்காலத்தின் நாலாம் ஞாயிற்றுக்கு, வீட்டு வேலைக்குப் போன பெண்பிள்ளைகள் தாய்வீட்டுக்குக் கொண்டுபோன கேக். இப்போது ஈஸ்டருக்கே நிலைத்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். 18 செ.மீ. வட்ட டின், குறைந்தது 7.5 செ.மீ. ஆழம். முதலில் மார்சிபான், அதை முந்தின நாளே செய்துவிடு. பாதாம் பவுடர் 250 கிராம், கேஸ்டர் சர்க்கரை (பொடிப்பொடியான சர்க்கரை) 125, ஐசிங் சர்க்கரை 125, ஒரு பெரிய முட்டை, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், பாதாம் எசென்ஸ் இரண்டே சொட்டு. மூன்றாவது சொட்டு விட்டால் மருந்து வாடை வரும். முட்டையை அடித்து வைத்துக்கொண்டு முக்கால்வாசி ஊற்று. மாவு கூடி வந்தால் நிறுத்து. கூடிய பிறகு பிசையவே கூடாது. சப்பாத்தி மாவைப் பிசைகிற கை உன்னுடையது, அதனால்தான் சொல்கிறேன். பாதாம் சூடாகி எண்ணெய் கக்கினால் மார்சிபான் பளபளவென்று ஆகி, உருட்டும்போது ஓரம் ஓரமாக வெடிக்கும். எண்ணெய் விடத் தொடங்கினால் பிளாஸ்டிக்கில் சுற்றி அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வை.

மேலே வைக்கும் மார்சிபான் கிரில்லில், அதாவது ஓவனின் மேல்தணலில், ஒரு நிமிஷம் நிறம் வாங்குவதோடு சரி. உள்ளே இருக்கும் முட்டை வேகாது. பிரிட்டிஷ் லயன் முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் பச்சையாகச் சாப்பிடலாம் என்று 2017-இல் இங்கே அறிவித்துவிட்டார்கள். முத்திரை இல்லாத முட்டை என்றால் முட்டையையும் சர்க்கரையையும் கொதிநீர் மேல் வைத்த கிண்ணத்தில் அடித்து, 71 டிகிரி வந்ததும் இறக்கி ஆறவிட்டுப் பாதாமில் சேர்.

கடை மார்சிபானை வாங்கலாமா என்று அடுத்து கேட்பாய். வாங்கலாம், ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படி. பலவற்றில் முதல் இடத்தில் சர்க்கரைதான் இருக்கும். சர்க்கரை மிகுந்தது மேலே போட நல்லது, இழுத்தால் கிழியாது. நடுவில் போட்டால் உருகி கேக்குக்குள் மறைந்து, இருந்த இடத்தில் ஒரு பொந்தை விட்டுப்போகும். நடு அடுக்குக்குப் பாதாம் சர்க்கரைக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். உருண்டைக்கும் மேல்வட்டத்துக்கும் கடைச்சரக்கு, நடுவுக்கு மட்டும் வீட்டில் செய்தது என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

கேக் மாவுக்கு: வெண்ணெய் 175 கிராம், லைட் மஸ்கவாடோ சர்க்கரை (இளம்பழுப்புச் சர்க்கரை) 175, பெரிய முட்டை மூன்று, மைதா 200, பாதாம் பவுடர் 50, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் தலைதட்டி, மிக்ஸ்ட் ஸ்பைஸ் (கேக்குக்குப் போடும் மசாலாப்பொடி) இரண்டு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஒரு எலுமிச்சை, ஒரு ஆரஞ்சு இவற்றின் தோல் துருவல். பழத்தில் சுல்தானா (வெளிர் திராட்சை) 200, கரண்ட் (சின்னக் கருந்திராட்சை) 100, கிளேஸ் செர்ரி (பாகில் ஊறிய செர்ரி) 75, ஆரஞ்சுத்தோல் மிட்டாய் 50. பேக்கிங் பவுடர் கலந்தே வரும் செல்ஃப் ரைசிங் மாவு போடாதே. அது வேகமாகப் பொங்கும்; மேல்பாதி மார்சிபானை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் கோபுரமும் வரும். கோபுரத்தின் மேல் உருண்டை நிற்காது.

பழத்தை முந்தின இரவு சூடான டீயில் ஊறப்போடலாம், ஆனால் காலையில் வடிகட்டி, துணியில் விரித்து ஈரம் போக விடு. செர்ரியை வெந்நீரில் அலசிப் பாகு போக்கி, துடைத்து நாலாக நறுக்கி, எடுத்து வைத்த மைதாவிலிருந்தே ஒரு கரண்டி தூவிப் புரட்டு. அந்தப் பாகுதான் செர்ரியை அடியில் இறக்குகிறது.

வெண்ணெயும் முட்டையும் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். உன் சமையலறை மார்ச்சில் என்ன குளிர் என்று எனக்குத் தெரியும். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு வை. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் பொங்கும்வரை குழைத்து, முட்டையைக் கரண்டி கரண்டியாக ஊற்று. திரிகிற மாதிரி தெரிந்தால் ஒரு கரண்டி மாவு போட்டுச் சேர்த்துக்கொள். கடைசியில் மாவும் பழமும். கரண்டியைத் தூக்கினால் கலவை ஒட்டிக்கொண்டு நின்று, ஒரு தட்டுத் தட்டியதும் பொத்தென்று விழ வேண்டும். தானாக வழிந்தால் தளர்த்தி. தளர்ந்த மாவில் மார்சிபான் அடிக்குப் போய்விடும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் மட்டும் பால் ஒரு டேபிள்ஸ்பூன்.

டின்னுக்குள் பேக்கிங் பேப்பர் இரண்டு மடிப்பு, விளிம்புக்கு மேல் 5 செ.மீ. நிற்கட்டும். வெளியே பழுப்புத்தாள் இரண்டு சுற்றுச் சுற்றி நூலால் கட்டு. இல்லையென்றால் நடு வேகும் முன் ஓரம் கருகும்.

இப்போது நடு அடுக்கு. மார்சிபானில் 190 கிராம் எடை போட்டு எடுத்து, ஐசிங் சர்க்கரை தூவி 17 செ.மீ. வட்டமாகத் தேய். டின்னைவிட ஒரு செ.மீ. சின்னதாக இருப்பது முக்கியம். ஓரம் டின் சுவரைத் தொட்டால் சர்க்கரை கருகி ஒட்டும். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஓரத்தில் பிடித்துக்கொள்ள இடமில்லாமல், வெட்டும்போது கேக் இரண்டு தட்டாகப் பிரிந்துவிடும். பாதி மாவைப் போட்டு, கரண்டியின் பின்புறத்தால் சமமாக்கி, வட்டத்தை மெல்ல வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவு, அடியில் காற்று நிற்கக் கூடாது. மீதி மாவைப் போட்டு, நடுவில் லேசாகக் குழித்து விடு.

ஓவன் 150 டிகிரி, ஃபேன் ஓவன் என்றால் 130. ஒரு மணி நேரம் கதவைத் திறக்காதே. அதன்பின் மேல்புறம் சிவந்திருந்தால் ஃபாயிலைத் தளர்வாக மூடு. இரண்டு மணி நேரம் ஆனதும் பார்க்கத் தொடங்கு. இரண்டேகால், இரண்டரைகூட ஆகலாம்.

நீ பயப்படுகிற இடம் இதுதான். குச்சியை நடுவில் செருகி எடுத்தால் எப்போதும் ஈரமாகத்தான் வரும், ஏனென்றால் அது மார்சிபானைத் துளைத்துக்கொண்டு வருகிறது. அதைப் பச்சை மாவு என்று நினைத்து இன்னும் அரைமணி, இன்னும் அரைமணி என்று விடுகிறவர்கள்தான் அதிகம். கேக் மரக்கட்டையாகிவிடும், குச்சி அப்போதும் ஈரமாகவே வரும். குச்சியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்: மார்சிபான் என்றால் வெளிறிய மஞ்சளாக, பிசின் மாதிரி ஒட்டும், பாதாம் வாசனை வரும். பச்சை மாவு பழுப்பாகக் கூழாக இருக்கும், மசாலாவும் வெண்ணெயும் மணக்கும். இன்னொரு வழி, குச்சியைச் சாய்வாக மேல்பாதிக்குள் மட்டும் செருகுவது; அது சுத்தமாக வர வேண்டும். ஆனால் கீழ்ப்பாதியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எனக்கு முழு நம்பிக்கை தெர்மாமீட்டர்மேல்தான். மையத்தில் செருகி 96-லிருந்து 98 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது, மார்சிபான் என்ன ஈரம் காட்டினாலும் கவலைப்படாதே. காதையும் வைத்துக் கேள்: வேகாத கேக் உள்ளே சலசலக்கும், வெந்தது அடங்கிவிடும். போன வருஷத்துக் கேக் நிஜமாகவே பச்சையாக இருந்திருந்தால், 160, 170-இல் வைத்து மேல்நிறத்தைப் பார்த்து எடுத்திருப்பார்கள். சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைப்பது இந்தக் கேக்கில் நடக்காது.

டின்னிலேயே முழுக்க ஆறவிடு. சூட்டில் கவிழ்த்தால் இளகிய நடு அடுக்கு பாரம் தாங்காமல் விரிசல் விடும். ஆறியதும் பேக்கிங் பேப்பரில் சுற்றி, மேலே ஃபாயில் சுற்றி டப்பாவில் வை. ஃப்ரிட்ஜ் வேண்டாம். கிறிஸ்துமஸ் கேக் மாதிரி மாசக்கணக்கில் ஊற வைக்கிற கேக் அல்ல இது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சுட்டால் ஈஸ்டருக்குச் சரியாக இருக்கும்.

அலங்காரத்தைப் பெரிய வெள்ளி தாண்டிச் சனிக்கிழமை வைத்துக்கொள். மேடு இருந்தால் சீவு. ஏப்ரிகாட் ஜாமைச் சூடாக்கி வடிகட்டி மெல்லப் பூசு. இன்னொரு 190 கிராமை டின் அளவுக்கே வட்டமாகத் தேய்த்து மூடி, கத்தி முதுகால் சாய்சதுரக் கோடுகள் போட்டு, ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி விடு, சோமாசி ஓரம் மடிக்கிற உன் கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உருண்டை ஒவ்வொன்றும் 15 கிராம், தராசில் நிறுத்துச் செய். பதினொன்றைச் சமமாக வைப்பதில்தான் எல்லாரும் திணறுவார்கள், கடைசியில் ஒரு பக்கம் நெருக்கமாக, ஒரு பக்கம் வெறுமையாக நிற்கும். 15 செ.மீ. குறுக்களவில் ஒரு தட்டைக் கவிழ்த்து லேசாகத் தடம் பதி. அந்தத் தடத்தில் 4.2 செ.மீ. இடைவெளியில் குண்டூசியால் குறித்துக்கொண்டே வந்தால் பதினொன்று கச்சிதமாக முடியும். உருண்டைக்கடியில் ஜாம் ஒரு பொட்டு.

முட்டை மஞ்சள்கருவை மேலே தடவி, நன்றாகச் சூடான கிரில்லின் கீழ் வை. பேப்பரையெல்லாம் முன்பே உரித்துவிடு, தீப்பிடிக்கும். அங்கேயே நில், போன் அடித்தாலும் எடுக்காதே. ஒரு நிமிஷத்துக்கும் இரண்டு நிமிஷத்துக்கும் நடுவில் பொன்னிறம் கருப்பாகிவிடும். ரிப்பன் கட்டுவது ஆறிய பிறகு.

ஏட்டி, ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஹாலில் வருகிற எல்லாரையும் உனக்குத் தெரியாது. கேக்கின் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு அட்டை வை: பாதாம், முட்டை, பால், கோதுமை. உலர்பழத்தில் சல்ஃபைட் இருக்கிறதா என்று பாக்கெட்டைப் பார்த்து அதையும் எழுது. கேக்குக்குத் தனிக் கத்தி, தனித் தட்டு. பக்கத்து ஸ்பாஞ்ச் கேக்கை அதே கத்தியால் வெட்ட விடாதே. பாதாம் அலர்ஜி உள்ள ஒரு குழந்தைக்கு மார்சிபான் ஒட்டிய கத்தி போதும். நர்ஸ் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் கூட்டத்தில் பரிமாறப் போவது நீயாக இருக்காது.

வெட்டும்போது ரொட்டிக் கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து, அறுப்பது மாதிரி இழு, அழுத்தாதே. ஒரு உருண்டைக்கு ஒரு துண்டு என்றால் பதினொரு துண்டுதான் வரும். கூட்டம் பெரிசு என்றால் உருண்டைகளைத் தனியாக எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கேக்கைப் பதினாறாகப் போடு.

உன் ஓவன் ஃபேனா, சாதாவா? டின் 18-ஆ, 20-ஆ? 20 என்றால் எல்லா அளவையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள், முட்டை நாலு ஆகும். நடுவட்டம் 19 செ.மீ., உருண்டைத் தடத்தின் குறுக்களவையும் இடைவெளியையும் நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். தெர்மாமீட்டர் இல்லை என்றால் இப்போதே சொல், என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றைத் தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் ஷ்ரூஸ்பரிக்காரி