மிஷின திறக்க விடுங்க சார்

நம்ம மலேசியா யுனிவர்சிட்டிகள்ல பயோமெடிக்கல் என்ஜினியரிங், அதான் ஆஸ்பத்திரி மிஷின்களப் பத்துன படிப்பு, சொல்லிக்குடுக்குற லெக்சரர்மார் எல்லாருக்கும்,

வணக்கம். சுங்கை சிப்புட்டுல இருந்து எழுதுறேன். அப்பா செம்பனை வெட்டுறவரு, நான் போன வருசம்தான் இந்த டிகிரி முடிச்சேன்.

எங்க லேப்ல ஆறு பேருக்கு ஒரு இசிஜி கிட் (இதயத் துடிப்ப கோடா காட்டுறது), அதுவும் வயரெல்லாம் முன்னாடியே மாட்டி ரெடியா இருக்கும், ஒருத்தன் பட்டன அமுக்குவான் மத்தவங்க அவன் ரீடிங்க பாத்து எழுதி ரிப்போட் அனுப்புவோம், மார்க்கும் நல்லாத்தான் வந்துச்சு. கடைசி வருச பிராஜெக்ட்லதான் நானே சின்ன சிக்னல பெருசாக்குற ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு பேட்டரில ஓடுற மாதிரி கட்டி, வயர கையிலயும் இடது கால்லயும் ஒட்டிப் பாத்தேன். துடிப்பையே காணோம், ஸ்கிரீன் பூரா தடியா ஒரே இரைச்சல். நம்ம இதயத்தோட சிக்னல் ஒரு மில்லிவோல்ட்டுதான் இருக்கும், சுத்தி செவத்துல 230 வோல்ட்டு கரண்டு ஓடுது, அதோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லாத்தையும் மூடிடுது. வலது கால் வயர் எதுக்குன்னு பரிட்சைல எத்தன தடவ எழுதிருப்பேன், அன்னைக்கு ராத்திரி அத மாட்டுனதும் இரைச்சல் அடங்கி கூரா ஒரு துடிப்பு எந்திரிச்சப்பதான் சார் எனக்கு புரிஞ்சுச்சு.

விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரும் அப்படித்தான். செவப்பு வெளிச்சம், கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம் ரெண்டையும் விரலுக்குள்ள விட்டு ரத்தம் எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாத்து ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு கணக்கு போடுது. தோலோட கருப்பும் அந்த வெளிச்சத்த உறிஞ்சும். ரத்தத்துல ஆக்சிஜன் கொறஞ்சும் மிஷின் நல்லாருக்குன்னு காட்டுறது, வெள்ளைக்காரங்கள விட கறுப்பின நோயாளிங்களுக்கு கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு 2020ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. நான் அப்பா விரல்ல மாட்டுனேன், அருவா புடிச்சு காப்பு காச்ச விரலு, நம்பர் வரவே ரொம்ப நேரம் புடிச்சுச்சு. நெறமா, காப்பா, விரல் சில்லுன்னு இருந்துச்சா? இப்படி கேக்கணும்னே லேப்ல யாரும் பழக்கல, அங்க ஏர்கோன்ல உக்காந்து கூட்டாளி விரல்லயே அளந்து முடிச்சோம்.

அதனால கேக்குறேன். ஆஸ்பத்திரியில கழிச்சு போட்ட பிபி செட்டு, மூச்சுல மருந்து இழுக்குற நெபுலைசர் இதெல்லாம் வாங்கி மொத செமஸ்டர்லயே ரெண்டு பேருக்கு ஒண்ணு குடுங்க. இதயத்துக்கு ஷாக் குடுக்குற டீஃபிப்ரிலேட்டர் மட்டும் வேணாம், பிளக்க புடுங்குனாலும் அதுக்குள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், ஆள அடிச்சிடும். ரிப்பேர் ஆகலன்னாலும் பரவால்ல, எங்க கோளாறுன்னு கண்டுபிடிச்சா அதுக்கு மார்க்கு போடுங்க. அப்புறம் லேப்ல கட்டுனத எடுத்துக்கிட்டு தோட்டத்து கிளினிக்குக்கு பசங்கள கூட்டிட்டு வாங்க, எங்காளுங்க சந்தோசமா விரல நீட்டுவாங்க.

பக்கத்து வீட்டு தங்கச்சி ஒன்னு இந்த கோர்சுக்குத்தான் இப்ப அப்ளை பண்ணிருக்கு. அது கையில மொத வாரமே ஒரு ஸ்க்ரூடிரைவர குடுங்க சார்.