எங்கள் மாலை வகுப்புக்குத் துணை நின்றோர்க்கு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

கடலூர் முதுநகரில், உப்பனாற்றை ஒட்டிய எங்கள் குடியிருப்பில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக நடந்துவரும் மாலை வகுப்பின் முதல் அணியினர் 22 பேரும் அடிப்படை எழுத்தறிவுத் தேர்வை எழுதி முடித்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடை சுமந்து, தெருத் தெருவாக மீன் விற்கும் பெண்கள். அந்த வகுப்பைத் தொடங்கியவன் என்ற முறையில், அது நின்றுபோகாமல் காத்த ஒவ்வொருவருக்கும் ஊரறிய நன்றி சொல்ல இம்மடலை எழுதுகிறேன்.

நான் அஞ்சல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். மணியார்டர் கொண்டுபோனால், பெறுபவர் கைநாட்டு வைப்பவராக இருக்கும்போது, சாட்சிக்கு ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சியைத் தேடி நான் தெருவில் நின்ற நேரங்களில்தான் ஒன்று உறைத்தது: மகன் எவ்வளவு அனுப்பினான் என்பதை, அவனைப் பெற்றவளுக்கு முன்பே பக்கத்து வீட்டார் தெரிந்துகொண்டார்கள். எழுத்தறியாமையால் வரும் இழப்புகளுள் இதை நான் முதலாவதாக வைக்கிறேன். தன் காரியத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை, படிக்கத் தெரியாதவருக்கு இல்லை.

இரண்டாவது இழப்பில் எனக்கும் பங்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிய வேளையில், எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்குப் பதிவுத் தபால் கொண்டுசென்றேன். ஒப்புகை அட்டையில் பெருவிரலை உருட்டி வைத்துவிட்டு, "என்ன தபால் ஐயா?" என்று கேட்டார். பை நிறையத் தபால் இருந்த அவசரத்தில், "நகையை வைத்த இடத்திலிருந்து வந்திருக்கிறதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை மிதித்தேன். அவர் உறையைப் பிரிக்காமலேயே சாமி படத்தின் பின்னால் செருகி வைத்துவிட்டார். அது அடகு நகைக்கான ஏல அறிவிப்பு. குறித்த நாள் கடந்த பிறகு வட்டிப் பணத்தோடு போனவரிடம், அவருடைய தோடும் மாட்டலும் ஏலம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்குச் சான்றாக அவருடைய கைரேகையையே எடுத்துக் காட்டினார்கள். இரண்டு நிமிடம் நின்று படித்துச் சொல்லியிருந்தால் அந்த நகை தப்பியிருக்கும். ஓய்வு பெற்ற மறுமாதமே இந்த வகுப்பைத் தொடங்கியதற்கு அந்த மதியம்தான் காரணம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், ஏதேனும் ஒரு மொழியில் பொருள் உணர்ந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவரையே எழுத்தறிவு பெற்றவராகக் கொள்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களிடையே 73.44 விழுக்காடு. ஆனால் பெயரை மட்டும் படம் வரைவதுபோல எழுதப் பழகி, கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே இருப்பது என்னவென்று அறியாமல் எழுந்து வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கைநாட்டைவிட அந்தக் கையெழுத்து ஆபத்தானது என்பது என் கருத்து. கைநாட்டு வைத்தவரிடம் படித்துக் காட்டவேண்டும் என்று யாருக்காவது தோன்றும், கையெழுத்திட்டவரிடம் அதுவும் தோன்றாது. ஆகவே, எங்கள் வகுப்பில் பெயர் எழுதுவதை முதல் பாடமாக வைக்கவில்லை.

அப்படியானால் எதை வைப்பது என்று நான் திகைத்தபோது வழிகாட்டியவர்கள், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் நால்வர். அவர்களுக்கே என் முதல் நன்றி. நான் அகர வரிசையைச் சுவரில் ஒட்டி, 247 எழுத்துகளையும் சொல்லவைத்து, ஒரே வாரத்தில் பாதிப் பேரை விரட்டிவிட்டேன். பிள்ளைகளோ வலை, அலை, கரை, விலை என்று நான்கு சொற்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்கள். நான்கிலும் ஒரே சங்கிலிக்கொம்பு வருவதை, கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த ஓர் அக்கா தாமே கண்டுபிடித்து, "இந்தச் சுழி வந்தாலே 'ஐ'தானா?" என்று கேட்டார். அன்றைக்கே அவர் தமக்குத் தெரிந்த தலை, சிலை, மழை எல்லாவற்றிலும் அதைத் தேடத் தொடங்கிவிட்டார். குறிகள் சிலவற்றைப் பிடித்துக்கொண்டால் தமிழின் பெரும்பகுதி தானாகத் திறந்துகொள்ளும் என்பதையும், உகர ஊகார வரிசைகள்தாம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறி ஆளைத் திணறடிக்கும் என்பதையும் அந்தப் பிள்ளைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தம் பாட்டிமாருக்கு அவர்கள் 'கு', 'சு', 'து' என்று கைபிடித்து எழுதக் கற்பித்த பொறுமை என்னிடம் இல்லை.

அடுத்து, புதுச்சேரியிலிருந்து வந்து எங்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிய கண் மருத்துவக் குழுவினருக்கு நன்றி. மூன்றாம் மாதத்தில் ஏழெட்டுப் பேர், "இந்த வயதில் மண்டையில் ஏறவில்லை" என்று சொல்லி நின்றுவிட்டார்கள். நானும் அதை நம்பினேன். சோதித்துப் பார்த்தால், அவர்களுக்கு வெள்ளெழுத்து. நாற்பது வயதையொட்டிக் கண்ணின் வில்லை இறுகி, அருகில் உள்ளது மங்கத் தொடங்குவது எல்லோருக்கும் நேர்வதுதான். படித்தவர் செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடிக்கும்போதே அதைத் தெரிந்துகொள்கிறார். எழுத்தையே பார்த்திராதவருக்கு எழுத்து மங்குவது எப்படித் தெரியும்? ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்பதை முதுமை என்று விட்டுவிட்டார்கள். மருத்துவக் குழுவினர் தந்த கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். முதியோர் வகுப்பு தொடங்க எண்ணுவோர், பலகை வாங்குவதற்கு முன் கண் சோதனைக்கு ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மாலை 7 மணிக்குத் தம் வீட்டுத் தாழ்வாரத்தைத் திறந்துவிட்டு, மின்கட்டணத்தையும் ஏற்றுக்கொண்ட வலைக் கடைக்காரருக்கும், முந்தைய நாள் செய்தித்தாள்களை எடைக்குப் போடாமல் எங்களுக்குத் தந்த தேநீர்க் கடை அண்ணனுக்கும், அந்த ஒரு மணி நேரம் தாமே சோறு வடித்த கணவன்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. 15 வயதுக்கு மேற்பட்டோருக்காக 2022 முதல் நடைமுறையில் உள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தன்னார்வலர்கள் எங்கள் வகுப்பைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு என்ற மூன்று பகுதிகளுக்கும் பயிற்சி அளித்தமைக்கு நன்றி.

அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது. எங்கள் வகுப்பில் பயிலும் ஒரு தாய் அக்குழுவின் உறுப்பினர். இதுநாள்வரை காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு வந்தவர், சென்ற கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தைத் தம் பக்கம் திருப்பி, வரிவரியாகப் படித்தார். கால்மணி நேரம் ஆயிற்று. தலைமை ஆசிரியை ஒருவரையும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். படித்து முடித்த அந்தத் தாய், பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று பேசியது இதில் இல்லையே என்று கேட்க, அது அங்கேயே எழுதிச் சேர்க்கப்பட்டது. தாய் படித்தால் பிள்ளையின் கல்விக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

நிறைவாக, தோடும் மாட்டலும் இழந்த அந்த அம்மாவுக்கு என் நன்றி. வகுப்பின் முதல் நாளே வந்து அமர்ந்தவர் அவர். என் தவற்றை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இம்மடலை வெளியிடும் முன் அவருடைய சம்மதத்தைப் பெறச் சென்றேன். படித்துக் காட்டவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துப் படித்தார். நான் மறதியில் "இரண்டு வளையல்" என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் விரல் நின்றது. "வளையல் இல்லை ஐயா, தோடும் மாட்டலும்" என்று சொல்லி, என் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, அதை அவரே அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக் கொடுத்தார்.

நன்றியுடன்,
ஓய்வு பெற்ற அஞ்சல்காரர்,
கடலூர் முதுநகர்.