கால்நகச் சொத்தைக்கு டியூப் எடுத்துக் குடுக்க முதல்: திருமலை பாமசிக்காரருக்கு ஒரு திறந்த மடல்

திருமலை டவுன்லயும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் பக்கமும் பாமசி வச்சிருக்கிற முதலாளிமாருக்கும், கவுண்டர்ல நிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் டொக்டரும் இல்ல நேர்ஸும் இல்ல. வீட்டில சீனி வருத்தக்காரரை வச்சுப் பார்க்கிற ஆள், அதால கால் விசயம் எண்டா கொஞ்சம் கூடக் கவனிப்பன், கிடைச்சதெல்லாம் வாசிப்பன். உங்களிட்ட கேக்கிறது ஒரே ஒரு விசயம். கால்நகம் சொத்தையாப் போச்சு எண்டு ஆரும் வந்து மருந்து கேட்டா, டியூபை எடுக்க முதல் காலைப் பாருங்க, பார்த்திட்டு உள்ளதைச் சொல்லுங்க, யாவாரம் நடக்காட்டியும் பரவாயில்ல.

போன மாரியில டவுன்ல ஒரு பாமசியில நிக்கிறன், பேர் வேண்டாம், எனக்கு முன்னால ஒரு ஐயா. கடற்தொழில் செய்யிறவர் எண்டு கையைப் பார்த்தாலே தெரியும். செருப்பைக் கழட்டிட்டு காலைத் தூக்கி பக்கத்தில கிடந்த ஸ்டூல்ல வச்சுக் காட்டுறார். பெருவிரல் நகம் மஞ்சளாத் தடிச்சு மேல கிளம்பி நிக்கிது, நுனி உதிர்ந்து பொடியாக் கிடக்கு, பக்கத்து விரல் நகம் பாதி கறுப்பு. தம்பி ஃபோன்ல இருந்து கண்ணை எடுக்காமலே "ஃபங்கஸ் தானே ஐயா, இதைப் பூசுங்க, ரெண்டு கிழமையில சரியாகிடும்" எண்டு ஒரு டியூபை எடுத்து வச்சிட்டார். ஐயா கேட்டார், நகத்துக்கு மேல பூசுறதா கீழ பூசுறதா எண்டு. "எல்லா இடமும் பூசுங்க" எண்டு பதில். அவ்வளவு தான், காசைக் குடுத்திட்டு போய்ட்டார் மனுசன்.

அந்த டியூப் குளோட்ரிமசோல் கிறீம். நல்ல மருந்து, நான் அதைக் குறை சொல்ல வரேல்ல. மழைக்காலத்தில விரலிடுக்கில வாற சேத்துப்புண்ணுக்கு, தொடை இடுக்கில வாற படைக்கு எல்லாம் நல்லா வேலை செய்யும். ஆனா நகம் தோல் மாதிரி இல்லயே, கெரட்டின் எண்ட புரதம் அடுக்கடுக்கா இறுகின தகடு அது, கிருமி இருக்கிறது பெரும்பாலும் அந்தத் தகட்டுக்குக் கீழ நகப்படுக்கையில. மேல கிறீம் பூசுறது, ஓட்டுக்கு மேல வெள்ளை அடிச்சு வளையில இருக்கிற கறையானைக் கொல்லப் பார்க்கிற மாதிரி. அமெரிக்காவில டொக்டர்ட துண்டு இல்லாம விக்கிற ஃபங்கஸ் கிறீம்கள்ட லேபிள்ல, இது தலைத்தோலிலயும் நகத்திலயும் வேலை செய்யாது எண்டு எழுதியே ஆகவேணும் எண்டு சட்டம். இங்க எங்கட ஆக்களுக்கு டியூப்ல இருக்கிற பொடி எழுத்து இங்கிலீஷை வாசிச்சுச் சொல்லுறதுக்கு உங்களை விட்டா ஆர் இருக்கினம்?

அந்த "ரெண்டு கிழமை" எண்ட கதையில தான் எனக்குக் கூடக் கோவம் ஏறினது. கால்நகம் மாசத்துக்கு சராசரி ஒண்டரை மில்லிமீற்றர் தான் வளரும், கைநகத்தின்ட அரைவாசி வேகம். பெருவிரல் நகம் அடியில இருந்து நுனி மட்டும் புதுசா வர 12 மாசத்தில இருந்து 18 மாசம் எடுக்கும். கிருமி நாளைக்கே முழுக்கச் செத்தாலும் பழைய சொத்தை வெட்டுப்பட்டுப் போகும் மட்டும் நகம் அப்பிடியே தான் இருக்கும். இதைச் சொல்லாம மருந்தைக் குடுத்தா என்ன நடக்கும்? சனம் ஒரு மாசம் பூசும், மாத்தம் இல்ல எண்டு விட்டிடும், பிறகு வேற பாமசியில வேற டியூப். வேலை செய்யக்கூடிய மருந்தையும் இப்பிடித் தான் பாதியில விடுறாங்க.

சரி, அப்ப எது தான் வேலை செய்யும் எண்டு கேப்பீங்க. நகத்துக்கெண்டே செய்த லாக்கர் இருக்கு, நெயில் பொலிஷ் மாதிரிக் காய்ஞ்சு படலமா நிண்டு மருந்தை மெல்ல மெல்ல உள்ள விடும். அமரோல்ஃபின் 5 வீத லாக்கர் பிரித்தானியாவில 2006ல இருந்து துண்டு இல்லாம பாமசியில வாங்கலாம், ஆனா அங்க அதுக்குக் கட்டுப்பாடு இருக்கு. 18 வயசுக்கு மேல இருக்கவேணும், ரெண்டு நகத்துக்கு மேல பழுதாகியிருக்கக் கூடாது, சொத்தை நுனியிலயோ பக்கத்திலயோ லேசா இருக்கவேணும், சீனி வருத்தம், காலில ரத்த ஓட்டம் குறைவு எண்டா டொக்டரிட்ட அனுப்பவேணும். பூசுறதுக்கும் ஒரு முறை இருக்கு: முதல்ல நகத்தின்ட மேல்பக்கத்தை அரத்தால ராவி, கிளீன் பண்ணி, பழைய படலத்தைத் துடைச்சுப் போட்டு கிழமைக்கு ஒருக்கா பூசுறது, அதுவும் கால்நகத்துக்கு 9 மாசத்தில இருந்து 12 மாசம் மட்டும். சொத்தை நகத்தை ராவுற அரத்தால நல்ல நகத்தைத் தொடக்கூடாது. இதொண்டும் சொல்லாம குப்பியை மட்டும் பையில போட்டுக் குடுக்கிறதும் டியூப் குடுக்கிறதும் ஒண்டு தான், விலை தான் வித்தியாசம்.

லாக்கர் எண்டாலும் அளவோட தான் நம்பிக்கை குடுக்கவேணும். சிக்ளோபிரொக்ஸ் எண்ட இன்னொரு மருந்தின்ட 8 வீத லாக்கரை ஏறக்குறைய ஒரு வருசம் தினமும் பூசின ஆய்வுகள்ல, கிருமியும் போய் நகமும் முழுசாச் சரியானவை 100 பேருக்கு 5 பேரில இருந்து 9 பேர் மட்டும் தான். அதுக்குப் பிறகு வந்த எஃபினகொனசோல் எண்ட பூச்சு மருந்தில 15 பேரில இருந்து 18 பேர். கேக்க மனசு விட்டுப் போகுது தான். எண்டாலும் லேசான சொத்தைக்கு, குளிசை போட ஏலாத ஆக்களுக்கு இதை விட்டா வேற வழி குறைவு, அதால விக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல, சொல்லிட்டு வில்லுங்க எண்டு தான் சொல்லுறன்.

எங்கட ஆக்கள்ட கைமருந்துக்கும் வாறன், ஏன் எண்டா கவுண்டர்ல "விக்ஸ் பூசலாமா தம்பி" எண்டு கேக்கிறவை கனபேர். சிரிச்சு அனுப்பாதீங்க. 2011ல வந்த ஒரு சின்ன ஆய்வில 18 பேருக்கு 48 கிழமை விக்ஸ் பூசிப் பார்த்ததில 5 பேருக்கு முழுசாச் சுகம், 10 பேருக்குக் கொஞ்சம் முன்னேற்றம், 3 பேருக்கு ஒண்டும் இல்ல. ஒப்பிட்டுப் பார்க்க வேற குழு வைக்காத ஆய்வு, ஆள்தொகையும் காணாது, ஆனா பெரிசாத் தீங்கும் இல்ல, காசும் குறைவு. டீ ட்ரீ ஒயில் (எங்கட தேயிலை இல்ல, அது வேற மரத்தின்ட எண்ணெய்) பற்றி 1994ல 117 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்தது, அரைவாசிப் பேருக்கு ஒயில், மற்றவைக்கு எங்கட அதே குளோட்ரிமசோல். ஆறு மாசம் நாளுக்கு ரெண்டு தரம் பூசியும் சோதனையில கிருமி இல்லாமப் போனது ஒயில் பூசினவையில 18 வீதம், குளோட்ரிமசோல்ல 11 வீதம். இந்த 11ஐ தயவு செய்து ஒருக்கா நல்லாப் பாருங்க. ஆறு மாசம் ஒழுங்காப் பூசினவைக்கே அது தான் கிடைச்சது, அந்த ஐயாவுக்கு ரெண்டு கிழமையாம்!

மருதோண்டி அரைச்சுக் கட்டுறது எங்கட வீடுகள்ல பழைய வழக்கம். அதோட எனக்குச் சண்டை இல்ல, ஒரு கரைச்சல் மட்டும் இருக்கு, நகம் சிவந்து போனா கீழ என்ன நிறம் எண்டு டொக்டருக்கே தெரியாது. குளோரின் தண்ணியில, பிளீச்சில ஊற வைக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், கால் விறைச்ச சீனி வருத்தக்காரருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. பேஸ்புக்கில விக்கிற நீல லைட் மெஷினைப் பற்றி நான் கதைக்கவே இல்ல.

இன்னொண்டு. சொத்தையா இருக்கிற நகம் எல்லாம் ஃபங்கஸ் இல்ல. பழுதான நகங்கள்ல ஏறக்குறைய பாதி தான் ஃபங்கஸால வாறது, மிச்சம் சொரியாசிஸ் எண்ட தோல் வருத்தம், இறுக்கமான சப்பாத்து, திரும்பத் திரும்பப் படுற அடி இப்பிடி. வள்ளத்தை இழுக்கேக்க, எஞ்சினைத் தூக்கேக்க விரல்ல அடி படாத கடற்தொழிலாளி ஆர்? அப்பிடிப் பழுதான நகத்துக்கு ஃபங்கஸ் மருந்தை வருசக்கணக்கில பூசினாலும் ஒண்டும் நடக்காது. நகத்தைக் கொஞ்சம் வெட்டியெடுத்து லாப்ல கொஸ்டிக் பொட்டாஷ் விட்டு மைக்ரோஸ்கோப்ல பார்த்தாலே கனக்கத் தெரியவரும், கண்ட மருந்தையும் பூச முதல் அதைச் செய்யிறது தான் நல்லம்.

கறுப்பு நகத்தைப் பார்த்தா இன்னும் கவனம். உப்புவெளி பீச்சில பாட்டுக்காரர் பொப் மார்லி படம் போட்ட டீசேட் தொங்காத கடை இல்ல, அந்த மனுசனுக்கு 1977ல கால்விரல் நகத்துக்குக் கீழ கண்டுபிடிச்சது மெலனோமா எண்ட புற்றுநோய், ஃபுட்போல் விளையாடிப் பட்ட காயம் எண்டு தான் முதல்ல நினைச்சது, 1981ல 36 வயசில போய்ட்டார். மெலனோமா பொதுவில அரிது தான், ஆனா கறுப்புத் தோல்காரருக்கு வந்தா உள்ளங்காலிலயும் நகத்துக்குக் கீழயும் தான் கூட வாறது. அடிபட்ட ஞாபகமே இல்லாம நகத்தில ஒரு கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டு போகுது, இல்லாட்டி அந்தக் கறுப்பு நகத்தைச் சுத்தியிருக்கிற தோலுக்கும் பரவுது எண்டா டியூப் விக்காதீங்க, டொக்டரிட்ட போகச் சொல்லுங்க. அந்த ஐயாட பக்கத்து விரல் கறுப்பு அனேகமா அடிபட்டதா இருக்கும். ஆனா அதைப் பார்த்துச் சொல்ல அங்க ஒருத்தரும் குனியேல்லயே.

குளிசையைப் பற்றி. டெர்பினஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒண்டு, கால்நகத்துக்கு 12 கிழமை, இது தான் இருக்கிறதில பலமான மருந்து, ஆய்வுகள்ல 100க்கு 70 பேரளவில கிருமி போயிருக்கு, நகமும் முழுசா வடிவா வந்தது 38 பேரளவில. ஆனா இது துண்டுக்குக் குடுக்கிற மருந்து, ஈரல் வருத்தம் உள்ளவைக்குக் கூடாது, தொடங்க முதல் பிளட் டெஸ்ட் பார்ப்பினம், சிலருக்கு நாக்கில ருசியே போயிடும். இட்ராகொனசோல் எண்ட மற்றக் குளிசை இன்னும் கரைச்சல், ஹார்ட் பெய்லியர் உள்ளவைக்கு நகத்துக்கெண்டு அதைக் குடுக்கவே கூடாது, கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டடின் போடுறவைக்கும் கூடாது, தசை பழுதாகும். சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல் எண்டு மூண்டையும் சேத்து வச்சிருக்கிற எங்கட ஊர்ப் பெரிசுகளுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் குடுத்த பழைய குளிசைக் கார்டைக் காட்டினவுடன குளிசையை வெட்டிக் குடுக்கிறது சில இடத்தில நடக்குது, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

மூண்டு மருந்து கலந்த கிறீமும் அப்பிடித் தான். ஃபங்கஸ் மருந்து, அன்டிபயோடிக், அதோட குளோபெட்டசோல் எண்ட கடும் ஸ்டிரொய்ட். பூசினவுடன கடி நிக்கும், சிவப்புப் போகும், சனம் "அந்த நல்ல கிறீமைத் தாங்க" எண்டு திரும்பி வரும். உள்ள படை பரவிக்கொண்டே இருக்கும், தோல் மெலியும், பிறகு டொக்டர் பார்த்தாலும் அடையாளம் பிடிக்கக் கஷ்டம். டெர்பினஃபினுக்கே மசியாத படை இப்ப தெற்காசியாவில பெரிய தலையிடி. நகத்துக்கெண்டு வந்தவைக்கு இதைக் குடுக்கிறதுக்கு ஒரு நியாயமும் இல்ல.

சீனி வருத்தக்காரருக்கு நகச்சொத்தை வெறும் வடிவுப் பிரச்சினை இல்ல எண்டது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது இல்ல. தடிச்ச நகம் சப்பாத்துக்குள்ள அமத்தி அமத்திக் கீழ புண்ணாகும், உணர்ச்சி குறைஞ்ச காலில அது தெரியாது, வெடிப்புக்குள்ளால வேற கிருமி போய் கால் வீங்கும், அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாட்டு தான். அவைக்கு டியூபும் வேண்டாம் லாக்கரும் வேண்டாம், அரசாங்கக் கிளினிக்குக்குப் போற நாளில சப்பாத்து சொக்ஸைக் கழட்டி காலைக் காட்டச் சொல்லுங்க. அங்க காசும் இல்ல.

குளோட்ரிமசோல் டியூபையும் தூக்கி எறியச் சொல்லேல்ல. நகச்சொத்தைக்காரருக்கு அனேகமா விரலிடுக்கிலயும் சேத்துப்புண் இருக்கும், அது தான் திரும்பத் திரும்ப நகத்துக்கு ஏறுறது, அதுக்குக் குடுங்க, "இது தோலுக்கு, நகத்துக்கு இல்ல" எண்டு வாயால ஒரு சொல்லுச் சொல்லி. ஹாபர்ல, செக்யூரிட்டி வேலையில நாள் முழுக்க பூட்ஸ் போடுறவைக்கு சொக்ஸை மாத்தச் சொல்லுங்க, பூட்ஸைக் காய விடச் சொல்லுங்க. லாக்கர் வாங்கிறவைக்கு இன்னொரு சின்ன வேலை சொல்லிக்குடுங்க: நல்ல நகமும் சொத்தையும் சந்திக்கிற இடத்தில அரத்தால ஒரு சின்னக் கோடு கீறி விட்டா, மாசாமாசம் அந்தக் கோடு முன்னுக்கு நகரும், சொத்தை அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னுக்கு வராட்டி மருந்து வேலை செய்யுது, வந்தா டொக்டரிட்ட போற நேரம்.

2015ம் ஆண்டு 5ம் இலக்கச் சட்டத்தில தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உண்டாக்கினது சனத்துக்கு நல்ல மருந்து சரியான முறையில கிடைக்கவேணும் எண்டு தான். அதிகாரசபை கொழும்பில இருக்கு, கவுண்டர்ல நிக்கிறது நீங்க. வரியத்துக்கு ஒருக்கா வாற இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரியிற மாதிரி சுவரில லைசன்ஸைத் தொங்க விடுறீங்க தானே, அதுக்குப் பக்கத்தில ஒரு தாள் ஒட்டுங்க: நகத்துக்கு மருந்து கேக்கிறவை காலைக் காட்டவும், சீனி வருத்தம் இருந்தா சொல்லவும், சுகமாக ஒரு வருசம் எடுக்கும். இவ்வளவு தான் எழுதவேண்டியது. தமிழ்லயும் சிங்களத்திலயும் பெரிய எழுத்தில எழுதித்தர நான் ரெடி, பிரிண்ட் அடிக்கிற காசும் என்ட, நீங்க இடத்தை மட்டும் விடுங்க.

இப்படிக்கு,
உப்புவெளியில இருந்து உங்கட ஒரு வாடிக்கைக்காரர்